வீட்டுக்காரம்மாவும் பதிமூன்றரை யூனிட்டும்

போர்ட்டோ ரிக்கோ போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் பீச் பற்றி விசாரித்தார்கள். கல்யாணமாகாத நண்பர்கள், பீச்சுக்கு வருகிறவர்களைப் பற்றி விசாரித்தார்கள். அம்மா மட்டும்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கே கரண்டு ஒழுங்கா இருக்குமாடா?"

அம்மா திருச்சிக்காரி. 2012-ல் மாவட்டங்களில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது குடித்தனம் நடத்தியவள். கரண்ட் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி இட்லிக்கு அரைத்தவள். அவள் கேள்வியில் அனுபவம் இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

"அமெரிக்காம்மா அது!" என்றேன் பெருமையாக.

பாதி உண்மை. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட கரீபியன் தீவு அது. செலாவணி டாலர். அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது. பேசுவது ஸ்பானிஷ். தீவின் வடகரையோரம் மருந்துத் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் ஒன்றில் எனக்கு 2025 ஜூன் தொடங்கி மூன்று மாத வேலை. மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். (ஒழுங்காக ஓட வைப்பது வேறு ஆள். அவருக்குச் சம்பளம் கம்மி.)

தங்கியது அரெசிபோ என்ற கடலோர ஊரில். உலகத்தின் மிகப் பெரிய ரேடியோ டெலஸ்கோப்புகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. 305 மீட்டர் அகலம். 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. 1974-ல் அதை வைத்து வேற்றுலகவாசிகளுக்கு ஒரு செய்தியே அனுப்பினார்கள். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அத்தனை தூரம் செய்தி அனுப்பிய ஊரில், சாயந்திரம் ஏழு மணிக்கு என் ரூமுக்குக் கரண்ட் அனுப்புவதுதான் கஷ்டம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

ரூம் பார்க்கும்போதே ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். விளம்பரத்தில் 'ஏ.ஸி., ஒய்ஃபை, பேட்டரி' என்று போட்டிருந்த மாடி அறையைப் பிடித்தேன். கீழே வீட்டுக்காரம்மா. எழுபது தாண்டியவர், ஒல்லி, கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். சின்ன வயசில் நியூயார்க்கில் தையல் வேலை பார்த்தவர் என்பதால் இங்கிலீஷ் வரும். என்னைக் கூப்பிடுவது 'மிஹோ'. நம் பாட்டிமார் 'ஏய் ராசா' என்பார்களே, அது.

மொட்டை மாடியில் சோலார் பேனல். கார் ஷெட் சுவரில், பாதி பீரோ உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டாம், ஆசிட் நாற்றம் இல்லை. லித்தியம் ஜாதி. நிரம்பினால் 13.5 யூனிட்.

"இதுக்காகத்தான் மாசம் ஐம்பது டாலர் அதிகமா வாடகை" என்றார் வீட்டுக்காரம்மா.

கொடுத்தேன். பத்து நாள் நிம்மதியாக இருந்தேன்.

பதினோராவது நாள் சாயந்திரம் ஆறரை மணிக்குக் கீழே அவருடைய போன் 'டிங்' என்றது. ஒரு நிமிஷம் கழித்துக் குரல்.

"மிஹோ! ஏ.ஸி.யை அணை!"

"ஏன்... கரண்ட் போயிடுச்சா?"

"போகலை. கொடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"லைனுக்கு!"

இறங்கி ஓடினேன். போனை நீட்டினார். செய்தி ஸ்பானிஷில் இருந்தாலும் படம் புரிந்தது. அவர் வீட்டு பேட்டரியிலிருந்து கரண்ட் தெருக் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது! 100 இருந்த இடத்தில் 97, 96 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. நீங்களே சொல்லுங்கள், ஐம்பது டாலர் நான் கொடுக்கிறேன், கரண்ட் ஊருக்கா?

"அம்மா, இது அநியாயம்" என்றேன், எத்தனை மரியாதையாகச் சொல்ல முடியுமோ அத்தனை மரியாதையாக. "ராத்திரி லைன் போயிட்டா நமக்கு என்ன இருக்கும்?"

"நாற்பது பர்சென்ட். அதுக்குக் கீழே யாரும் தொட முடியாது. நான்தான் வெச்சிருக்கேன் அந்தக் கோடு. ஃபிரிட்ஜில் என் இன்சுலின் இருக்கு, எனக்குத் தெரியாதா?" என்றவர், "ஏ.ஸி.க்கு அதில் பங்கு கிடையாது" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டே படுத்தபடி அந்த ஊர்க் கரண்ட் கதையை ஆராய்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு ஆராய்ச்சி வரும்.

கதை இதுதான். பெரிய மின் நிலையங்களில் பல தீவின் தென்கரையில். ஜனங்கள் அதிகம் வடகரையில், தலைநகர் சான் ஹுவானைச் சுற்றி. நடுவில் மலைத்தொடர். கம்பிகள் மலை ஏறி இறங்கி வர வேண்டும். எரிப்பது பெரும்பாலும் கப்பலில் வரும் எண்ணெய், காஸ், நிலக்கரி. மெஷின்களுக்கு வயசாகிவிட்டது. 2017 செப்டம்பர் 20-ல் மரியா என்ற புயல் குறுக்கே கடந்து போனபோது தீவு முழுக்க இருட்டு. கடைசி வீடுகளுக்குக் கரண்ட் திரும்பப் பதினோரு மாதம் ஆனது. புயலில் செத்தவர்கள் 64 பேர் என்றது முதல் அரசாங்கக் கணக்கு. மறு வருஷம் அதைத் திருத்தி 2,975 என்று ஒப்புக்கொண்டார்கள். காற்றில் அடித்துக்கொண்டு போனவர்கள் மட்டுமல்ல. பின்னால் வந்த மாதங்களில் மருந்தும் மெஷினும் கரண்டும் இல்லாமல் போனவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

2022-ல் ஃபியோனா புயல், மறுபடி முழு இருட்டு. 2024 டிசம்பர் 31 விடியற்காலையில் புயலே இல்லாமல் தீவின் பெரும்பகுதி இருண்டது. 2025 ஏப்ரல் 16-ல் இன்னொரு தடவை. நம் ஆட்கள் மின்வெட்டுக்கு மீம்ஸ் போட்டதைப் போல, இந்த ஊர்ப் பாட்டுக்காரர் பேட் பன்னி 2022-ல் மின்தடை என்றே தலைப்பு வைத்து ஒரு பாட்டுப் போட்டார். உலகமே ஆடியது.

இங்கே கரண்ட் போனால் சொல்வது 'செ ஃபுவே லா லூஸ்' - 'வெளிச்சம் போயிடுச்சு'. அதே சலிப்பு, அதே உச்சு கொட்டல். திருச்சியில் இருப்பதாகவே தோன்றும்.

இத்தனை பட்டபிறகு ஜனங்கள் என்ன செய்வார்கள்? அவரவர் வீட்டுக்குப் பேனலும் பேட்டரியும் மாட்டினார்கள். சிலர் கடனில், சிலர் மாத வாடகையில். இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பேட்டரி இருக்கிறது. யாரும் ஊரைக் காப்பாற்ற வாங்கவில்லை. பயத்தில் வாங்கினார்கள். இந்தப் பயங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்தால் என்ன என்று 2023-ல் ஒரு திட்டம் வந்தது. சாயந்திரம் தட்டுப்பாடு வரும்போல் இருந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேட்டரி கம்பெனிகளுக்குத் தகவல் போகும். அவர்கள் இன்டர்நெட் வழியாக, சேர்ந்திருக்கும் வீடுகளின் பேட்டரிகளைக் கம்பியை நோக்கித் திருப்புவார்கள். ஒரு யூனிட்டுக்கு 1.25 டாலர் தருவதாகத் தொடங்கினார்கள். கடையில் வாங்கும் விலையைப் போல நாலைந்து மடங்கு. விருப்பமில்லை என்றால் அன்றைக்கு விலகிக்கொள்ளலாம்.

என் காலத்திலேயே, ஜூலை 2025-ல் ஒரு ராத்திரி, சுமார் 50 மெகாவாட் பற்றாக்குறை. கிட்டத்தட்ட 70,000 பேட்டரிகளை ஒரே நேரத்தில் திருப்பினார்கள். 48 மெகாவாட் வந்தது. வகுத்துப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு 700 வாட்கூட இல்லை. நம் வீட்டு மிக்ஸி ஓடும் கரண்ட்! தீவின் உச்ச தேவை சுமார் 3,000 மெகாவாட். அதில் 48 ஒரு கொசு. ஆனால் இந்த வித்தையில் மொத்தம் முக்கியமில்லை, துண்டு விழும் இடம்தான் முக்கியம்.

புரியவில்லை என்றால் ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கிறவர்கள் மின் நிலையங்கள். தேரின் பாரம் நம் ஃபேன், ஃபிரிட்ஜ், ஏ.ஸி. தேர் ஒரே வேகத்தில் போக வேண்டும். அங்கே நொடிக்கு 60 சுற்று, நம் ஊரில் 50. இழுக்கிறவர்களில் நூறு பேர் சட்டென்று வடத்தை விட்டால் வேகம் குறையும். ரொம்பக் குறைந்தால் எல்லாம் நின்றுவிடும். அதைத் தவிர்க்க பாரத்தைக் குறைப்பார்கள். அதாவது, நாலு தெருவுக்கு கரண்ட் கட். அந்த நேரத்தில் வீட்டுத் திண்ணையில் வேடிக்கை பார்த்தவர்கள் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு கை வடத்தைப் பிடித்தால்? அதுதான் அந்த 48.

நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் 2012-ல் செய்தது இதற்கு நேர் எதிர். கரண்ட் வந்த அந்த ஒரு மணி நேரத்தில் அத்தனை பேட்டரியும் சேர்ந்து குடிக்கும். அதனால் பாரம் இன்னும் ஏறும். நாமெல்லாம் தேர் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தோம், சார்!

வித்தை புரிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரம்மா புரியவில்லை. காரணம், அவர் ஹால் சுவரில் இருந்த போட்டோ. வீட்டுக்காரர். பேஸ்பால் தொப்பி, பெரிய சிரிப்பு. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைக்காயைத் தட்டிப் பொரித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"நுரையீரல் சரியில்லை அவருக்கு. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிச்சுத் தர மெஷின் இருந்தது. மரியாவுக்கு அப்புறம் ஜெனரேட்டர் வெச்சு ஓட்டினோம். டீசலுக்கு மணிக்கணக்கா க்யூ. நவம்பரில் ஒரு ராத்திரி டீசல் தீர்ந்துபோச்சு. கேனை எடுத்துக்கிட்டு நான் தெருத்தெருவா ஓடினேன்."

எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் அதையே பார்த்தேன்.

"இந்தத் திட்டத்தில் சேருங்கன்னு முதல் தடவை வந்தப்போ கதவைச் சாத்தினேன். என் புருஷனோட மூச்சுக்கு ஒரு யூனிட் வராத கம்பி, அதுக்கு நான் ஏன் தரணும்?"

நியாயமான கேள்வி. ஐம்பது டாலர் கேள்வியை விட நூறு மடங்கு நியாயமான கேள்வி.

"அப்புறம் ஏன் சேர்ந்தீங்க?"

கரண்டியால் ஜன்னலைக் காட்டினார். எதிர் வீடு. பேனல் இல்லாத, பெயிண்ட் உதிர்ந்த வீடு. வாசலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய்.

"அவர்கிட்டயும் அதே மெஷின். பேட்டரி வாங்க வசதியில்லை. தெருவை கட் பண்ணினா எனக்கு ஒண்ணும் ஆகாது, என் பெட்டி பார்த்துக்கும். அவருக்குத்தான் ஆகும். நான் கம்பெனிக்குத் தரலை, மிஹோ. எதிர் வீட்டுக்குத் தர்றேன்."

எனக்குள் இருந்த இன்ஜினீயர் சும்மா இருப்பானா? "அப்படிச் சொல்ல முடியாதும்மா. கம்பியில் விட்டா அது பக்கத்தில் இருக்கிற பாரத்துக்கு முதலில் போகும், அது சரி. ஆனா எந்தத் தெருவை நிறுத்தறதுன்னு எங்கேயோ ஒருத்தர் முடிவு பண்றார். நீங்க ஒருத்தர் கொடுக்கறதால இந்தத் தெரு தப்பிக்கும்னு சொல்ல முடியாது..."

"தெரியும். நான் ஒருத்தி கொடுத்தா பத்தாது. அதனாலதான் எல்லாரும் கொடுக்கணும்" என்று என் தட்டில் நாலு வாழைக்காயை வைத்தார். "சாப்பிடு. ஆறிடும்."

அதற்கு மேல் பேசவில்லை. வாய் நிறைய வாழைக்காய்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவரே சொல்லி அனுப்பினார்: "அட்ஹுன்டாஸ் போய்ப் பார்த்துட்டு வா. அவங்க எங்களைவிடக் கெட்டிக்காரங்க." வாடகைக் காரில் தெற்கே மலை ஏறினேன். உட்டுவாதோ தாண்டியதும் ரோடு கொல்லிமலைக் கொண்டை ஊசிகளை ஞாபகப்படுத்துகிறது. இரண்டு பக்கமும் வாழை, காபி, மூங்கில். வழியில் நார்த்தங்காய் ஜாதிப் பழம் ஒன்றைச் சர்க்கரைப்பாகில் போட்டு விற்கிறார்கள். நாம் உப்பில் ஊறப்போடுவதை இவர்கள் பாகில் ஊறப்போடுகிறார்கள். தயிர் சாதத்துக்கு ஆகாது.

அட்ஹுன்டாஸுக்கு 'தூங்கும் ராட்சசன் ஊர்' என்று செல்லப் பெயர். மலை விளிம்பைப் பார்த்தால் ஒரு ஆள் மல்லாந்து படுத்திருப்பது போலவே இருக்கிறது. ஊருக்குள் இளஞ்சிவப்பு வண்ணத்தில் ஒரு பழைய வீடு: காஸா புவெப்லோ. 'ஊர் வீடு' என்று அர்த்தம். மலையைத் தோண்டித் தாமிரம் எடுக்க வந்தவர்களை எதிர்க்க 1980-ல் ஆரம்பித்த அமைப்பு. ஆரம்பித்தவர் அலெக்ஸிஸ் மஸ்ஸோல். 2002-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு வாங்கியவர். சுரங்கம் வரவில்லை. சொந்தமாகக் காபிப்பொடி விற்று அந்தப் பணத்தில் அமைப்பை நடத்துகிறார்கள். (வாங்கினேன். கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நன்றாகவே இருந்தது.)

1999-லேயே கூரையில் சோலார் வைத்துவிட்டார்கள். அதனால் மரியா சமயத்தில் ஊரே இருட்டாக இருக்க, இந்த வீட்டில் மட்டும் விளக்கு. ஜனங்கள் போன் சார்ஜ் பண்ணவும் வைத்திய மெஷின்களை ஓட்டவும் இங்கே வந்தார்கள். அதற்கப்புறம் 2023 மார்ச்சில் நடு ஊர் சதுக்கத்தில் ஏழு கட்டடங்களின் கூரையில் சுமார் 700 பேனல் ஏற்றி, பேட்டரிகள் வைத்து, பதினாலு கடைகளை ஒரே கூட்டாகச் சேர்த்துவிட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என் வீட்டுக்காரம்மா பேட்டரி, தெருக் கம்பியில் உயிர் இருக்கும்வரைதான் ஊருக்குக் கொடுக்க முடியும். கம்பி செத்துவிட்டால் அது தானாகவே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டை மட்டும் பார்க்கும். கம்பத்தில் ஏறி ரிப்பேர் பார்க்கும் லைன்மேன் மேல் ஷாக் அடிக்கக் கூடாது அல்லவா? ஆகவே ஏப்ரல் 16 மாதிரி மொத்தத் தீவும் போனால், எதிர் வீட்டுப் பெரியவருக்கு இந்தத் திட்டத்தால் பிரயோஜனமில்லை. அட்ஹுன்டாஸ் கடைக்காரர்கள் பெரிய கம்பி போனாலும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறபடி சொந்த ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

திரும்பி வந்த அன்று ராத்திரியே பரீட்சை வந்தது. ஆறு மணிக்கு 'டிங்'. பேட்டரி நாற்பதுக்கு இறங்கியது. ஒன்பதரைக்கு மழை. எங்கேயோ மரக்கிளை விழுந்திருக்க வேண்டும். தெரு பொசுக்கென்று இருட்டு. நான் பயந்தது அப்படியே நடந்தது!

நடந்ததும் அடுத்த நிமிஷம் வீட்டுக்காரம்மா கார் ஷெட்டுக்குப் போய் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்து என் கையில் கொடுத்தார். நம் தெருக்கூத்து மைக் செட்காரர் வைத்திருப்பாரே, அத்தனை நீளம். "ஓடு!" என்றார்.

மழையில் ரோட்டைத் தாண்டி ஓடினேன். எதிர் வீட்டுப் பெரியவர் மகள் டார்ச்சோடு வாசலிலேயே நின்றிருந்தாள். அவர்களுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. செருகினோம். மெஷின் 'புஸ்... புஸ்...' என்று மூச்சு விட ஆரம்பித்தது. பெரியவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார்.

அந்த நாற்பது பர்சென்டில் அன்றைக்கு ஓடியவை: ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், ஒரு ஆக்ஸிஜன் மெஷின். காலை ஐந்து மணிக்குத் தெருக் கரண்ட் வந்தபோது பதினொன்று மிச்சமிருந்தது. நான் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துவிட்டு என் ஃபேனையும் அணைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரமும் 'டிங்' வந்தது. வீட்டுக்காரம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். நானே ஏ.ஸி.யை அணைத்துவிட்டு பால்கனியில் உட்கார்ந்தேன். 'கோ-கீ, கோ-கீ' என்று அந்த ஊர்த் தவளைகள். எதிர் வீட்டு ஜன்னலில் வெளிச்சம். எட்டு மணி. திருச்சியில் காலை ஐந்தரை. அம்மா கோலம் போட எழுந்திருப்பாள். போன் பண்ணினேன்.

"கரண்டு இருக்காடா?"

"இருக்கும்மா. கொஞ்சம் எதிர் வீட்டுக்குக் கொடுத்திருக்கோம்" என்று முழுக் கதையையும் சொன்னேன். மெகாவாட், 60 சுற்று, தேர் எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"இதுக்கா இவ்வளவு நேரம்? எதிர் வீட்டுக்கு ஒரு டம்ளர் காபிப்பொடி கொடுக்கற மாதிரிதானே?"

"அதேதாம்மா."

"என்ன ஒண்ணு... நாம கோபுரமா கொடுத்தா, திருப்பித் தரும்போது தலை தட்டித்தான் தருவாங்க. அதுக்காகக் கொடுக்காம இருக்க முடியுமா?"